ராமநாதபுரம் கடலோரத் தோட்டத்தில் பறவைகள்: தண்ணீர் வைப்பது முதல் படம் எடுப்பது வரை

வீட்டுத் தோட்டத்துக்குப் பறவைகள் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது தீனியைப் பற்றித்தான். கம்பு போடலாமா, நெல் போடலாமா, எவ்வளவு போடலாம்? ராமநாதபுரம் கடலோரத்தில் இருந்து யார் இப்படிக் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான்: முதலில் உப்பில்லாத தண்ணீர் வையுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், ராமேஸ்வரம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் என்று நீளும் இந்தக் கரையில் பறவைக்குத் தின்ன ஏதாவது கிடைத்துவிடும். உடை மரத்தில் பூச்சி இருக்கும், வேலியில் கோவைப்பழம் இருக்கும், களத்தில் சிந்திய நெல் இருக்கும். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் பெய்த மழை கண்மாயிலும் ஊருணியிலும் பங்குனி வரை தாக்குப்பிடித்தாலே பெரிது. அதற்குப் பிறகு நல்ல தண்ணீர் மனிதனுக்கே தள்ளுவண்டியில் குடம் குடமாக வருகிற ஊர்களில் குருவி எங்கே போய்க் குடிக்கும்? அந்த வெற்றிடத்தை நிரப்புகிற வீட்டைப் பறவைகள் மறப்பதில்லை. நல்ல படங்களும் அந்தத் தண்ணீர்த் தட்டைச் சுற்றித்தான் கிடைக்கும்.

தண்ணீர்

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் அதை வைக்காதீர்கள். கடற்காகத்துக்கும் ஆலாவுக்கும் கண்ணுக்கு மேலே உப்புச் சுரப்பிகள் இருக்கின்றன. உடலில் சேர்ந்த உப்பை அவை மூக்கு வழியாகச் சொட்டுச் சொட்டாக வெளியேற்றிவிடும். சிட்டுக்குருவிக்கும் மைனாவுக்கும் சில்லைக்கும் அப்படி வேலை செய்யும் சுரப்பி கிடையாது. வாயில் வைத்தால் நமக்குக் கரிக்கிற தண்ணீர் அவற்றுக்கும் ஆகாது. வீட்டில் குடிக்கும் தண்ணீரிலிருந்தே ஒரு பங்கு எடுத்து வையுங்கள். ஓர் அடி அகலத் தட்டுக்கு இரண்டு லிட்டர் போதும். மறுநாள் காலையில் பழைய தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டால் ஒரு சொட்டும் வீணாகாது.

தட்டு மண்ணால் ஆனதாக இருக்கட்டும். பிளாஸ்டிக்கும் எவர்சில்வரும் வெயிலில் கொதித்துவிடும், கால் வழுக்கும். மண் தட்டு சொரசொரப்பாக இருப்பதால் பறவை நம்பி நிற்கும், நீரும் குளிர்ந்திருக்கும். ஆழம் ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் போதும். நடுவில் ஒரு தட்டையான கல்லை வையுங்கள். சிட்டுக்குருவி அந்தக் கல்லில் இறங்கிக் குடிக்கும், கொண்டைக்குருவி அதில் நின்று இறகை உதறும், தவறி விழுந்த தேனீயும் ஏறித் தப்பும்.

தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும். இதில் சலுகையே கிடையாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இப்படிப்பட்ட சிறு பாத்திரங்களில்தான் முட்டையிடும். முட்டை பெரும்பாலும் தண்ணீரில் இருக்காது, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டியிருக்கும். ஆகவே கொட்டிவிட்டு நிரப்பினால் மட்டும் போதாது, தேங்காய் நாரால் சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். தட்டின் விளிம்பில் படியும் வெள்ளை உப்புப் பொருக்கும் அதோடு போய்விடும்.

இடம்

எங்கே வைப்பது என்பதைக் காற்று தீர்மானிக்கும். வைகாசி முதல் ஆவணி வரை மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று மண்டபம், பாம்பன் பக்கத்தில் மணலை வாரி இறைக்கும். தொங்கவிட்ட தீனித் தட்டு ஊஞ்சலாடும், தண்ணீர் அரை நாளில் சேறாகும். அந்த மாதங்களில் வீட்டின் கிழக்கு அல்லது வடகிழக்குப் பக்கம் வையுங்கள். ஐப்பசியில் வாடை தொடங்கியதும் தெற்குப் பக்கம் மாற்றுங்கள். வருடத்துக்கு இரண்டு முறை இப்படி நகர்த்தினால் பறவைகள் குழம்பிவிடுமோ என்று கவலைப்பட வேண்டாம். புது இடத்தை அவை விரைவில் கண்டுகொள்ளும்.

பூனை ஒளிந்துகொள்ளக்கூடிய புதரிலிருந்து ஆறேழு அடி தள்ளி, தரையிலிருந்து இடுப்பு உயரத்தில் ஒரு கல் தூணிலோ மரக்கட்டையிலோ தட்டை அமர்த்துங்கள். ஆனால் பறந்து தப்ப ஒரு கிளை பக்கத்தில் இருக்க வேண்டும். வல்லூறு வந்தால் ஒதுங்க இடமில்லாத வெட்டவெளியில் சிறு பறவைகள் இறங்கத் தயங்கும். முருங்கை, மாதுளை, கொய்யா எதுவானாலும் சரி.

கண்ணாடிச் சன்னல் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. தட்டு சன்னலுக்கு மூன்றடிக்குள் இருக்க வேண்டும், அல்லது முப்பதடிக்கு அப்பால் இருக்க வேண்டும். இடைப்பட்ட தூரத்தில் இருந்தால், மிரண்டு பறக்கும் பறவை வேகம் பிடித்து, கண்ணாடியில் தெரியும் வானத்தை உண்மை வானம் என்று எண்ணி மோதும். முப்பதடிக்கு இடமில்லாத வீடுகளில் சன்னலுக்கு வெளியே பழைய மீன்வலையை இழுத்துக் கட்டுவது நல்ல தடுப்பு. துளை சிறியதாக, வலை விறைப்பாக இருக்க வேண்டும். தளர்ந்த வலையில் பறவை சிக்கிக்கொள்ளும்.

தீனி

தானியம் தின்பவை இங்கே சிட்டுக்குருவி, புள்ளிப்புறா, சின்னத் தவிட்டுப்புறா, புள்ளிச்சில்லை, வெண்தொண்டைச் சில்லை, கிளி. இவற்றுக்குக் கம்பு, தினை, சாமை, குதிரைவாலி, நொய்யரிசி எல்லாம் ஏற்றவை. பச்சரிசி வயிற்றில் ஊதிப் பறவையைக் கொன்றுவிடும் என்று சொல்வதில் உண்மை இல்லை. காலங்காலமாக அரிசிமாவுக் கோலத்தையும் நொய்யையும் கொத்தி வளர்ந்தவைதான் நம் முற்றத்துக் குருவிகள்.

என் விருப்பம் நெற்கதிர்க் கொத்து. திருவாடானை, ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்தில் தை, மாசியில் அறுவடை நடக்கும்போது ஒரு கட்டுக் கதிர் வாங்கிவந்து, கைப்பிடி கைப்பிடியாகக் கட்டித் தாழ்வாரத்தில் தொங்கவிடுங்கள். குருவி தலைகீழாகத் தொங்கிக் கொத்துவதைப் போன்ற படம் தட்டில் கிடைக்காது. கனத்த காகத்தாலும் புறாவாலும் கதிரில் நிற்க முடியாது என்பதால் சிறியவற்றுக்குப் பங்கு நிச்சயம்.

பழம் தின்பவை கொண்டைக்குருவி, வெண்புருவச் சின்னான், மைனா, குயில், குளிர்காலத்தில் மாங்குயில். பப்பாளித் துண்டு, கனிந்த வாழைப்பழம், பிளந்த மாதுளை ஆகியவற்றைக் கிளையில் குத்தி வையுங்கள். வெயில் ஏறியதும் மிச்சத்தை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் எறும்பும் புளிப்பு நாற்றமும்தான் மிஞ்சும்.

தவிட்டுக்குருவி, வண்ணாத்திக்குருவி, கருஞ்சிட்டு, கொண்டலாத்தி ஆகியவற்றுக்குத் தேவை பூச்சி. அதைத் தட்டில் வைக்க வேண்டியதில்லை. தோட்டத்தின் ஒரு மூலையில் சருகைக் கூட்டாமல் விடுங்கள். தவிட்டுக்குருவிக் கூட்டம் அதைப் புரட்டிப் புரட்டித் தேடிக்கொள்ளும். தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடக் குஞ்சுக்குப் பூச்சியும் புழுவும்தான் ஊட்டும். பூச்சிமருந்து தெளிக்கிற தோட்டத்தில் எவ்வளவு கம்பு போட்டாலும் குஞ்சு பிழைக்காது.

தரக் கூடாதவை: முறுக்கு, மிக்சர், பிஸ்கட், ரொட்டி, ஊறுகாய் கலந்த சோறு, கருவாட்டுத் துண்டு. உப்புதான் காரணம், தண்ணீர் குறைந்த இடத்தில் அது இரட்டிப்புக் கேடு. பூஞ்சை பிடித்த நிலக்கடலையையும் தொடவே கூடாது. கடலோர ஈரக்காற்றில் கடலை சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும், அதில் உண்டாகும் நஞ்சு பறவையின் ஈரலைத் தாக்கும். தானியத்தை மூடி இறுக்கமான டப்பாவில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வாங்குங்கள்.

காகத்துக்குச் சோறு வைக்கும் வழக்கத்தை யாரும் கைவிட வேண்டாம். ராமேஸ்வரத்துக்கு இத்தனை அருகில் இருந்துகொண்டு அதைக் கைவிடச் சொல்வதும் முறையல்ல. உப்புப் போடாத வெறும் சோறாக, தீனித் தட்டிலிருந்து தள்ளி மதில் மேல் வையுங்கள். காகத்துக்கு அதன் இடம் தெரிந்துவிட்டால், சிரட்டையில் துளையிட்டுத் தொங்கவிட்ட தினையைச் சில்லைகள் நிம்மதியாகத் தின்னும்.

அளவு முக்கியம். காலையில் வைத்தது நண்பகலுக்குள் தீர்ந்துவிட வேண்டும், ஒரு கைப்பிடியே பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். இரவில் தானியம் கிடந்தால் எலி வரும், எலியைத் தேடிக் கட்டுவிரியன் வரும். வாரம் ஒரு முறை தட்டுகளை வெந்நீரில் தேய்த்துக் கழுவி, நல்ல வெயிலில் காயவையுங்கள். கண் வீங்கிய, அலகைச் சுற்றி மருக்கள் உள்ள, இறகை உப்பவைத்துக்கொண்டு சோர்ந்து உட்கார்ந்திருக்கும் பறவையைக் கண்டால் இரண்டு வாரம் தீனியை நிறுத்திவிடுங்கள். கூட்டம் கலைந்தால்தான் நோய் பரவுவது நிற்கும்.

மயிலுக்கு வீட்டில் தீனி போட்டுப் பழக்காதீர்கள். உங்கள் முற்றத்தில் பயம் தெளிந்த மயில் நாளை பக்கத்துத் தோட்டத்து மிளகாய் நாற்றில் நிற்கும், பிறகு விவசாயிக்கும் மயிலுக்கும் பகை மூளும்.

செடிகள்

உப்பு மண்ணிலும் வளர்ந்து பறவைக்குப் பயன்படும் மரங்கள் நம்மிடமே இருக்கின்றன: பூவரசு, புன்னை, வேம்பு, கொடுக்காப்புளி, உகாய், இலந்தை. கொடுக்காப்புளி காய்த்துவிட்டால் கிளியைத் தேடி நீங்கள் போக வேண்டியதில்லை. தேன்சிட்டுக்குச் சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம், வெப்பத்தில் அது சில மணி நேரத்திலேயே கெட்டுவிடும். முருங்கைப்பூ, செம்பருத்தி, இட்லிப்பூ, வாழைப்பூ இவை போதும். தோட்டத்து ஓரத்தில் பனை நின்றால் வெட்டாதீர்கள். காய்ந்த மட்டையை மொத்தமாகக் கழிக்கவும் வேண்டாம். பனை உழவாரன் அந்த ஓலையின் மடிப்பில்தான் எச்சிலால் இறகை ஒட்டிக் கூடு வைக்கும்.

படம் எடுத்தல்

தண்ணீரும் தீனியும் வைத்த முதல் சில வாரங்களில் கேமராவை எடுக்காதீர்கள். பறவைக்கு அந்த இடத்தின் மேல் நம்பிக்கை வந்த பிறகு எடுக்கிற ஒரு படம், அதற்கு முன் துரத்தித் துரத்தி எடுத்த நூறு படங்களைவிட உயிரோடு இருக்கும்.

ஒளியிலிருந்து தொடங்குங்கள். இந்தக் கரையில் காலை ஆறேகாலிலிருந்து எட்டரை வரை, மாலை நான்கரையிலிருந்து சூரியன் சாயும் வரை, இவ்வளவுதான் நல்ல நேரம். நடுப்பகலில் மணலும் வெள்ளைச் சுவரும் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், கானல் அசைவில் தூரத்துப் பறவையின் இறகு விவரமே அழிந்துவிடும். சூரியன் உங்கள் முதுகுப்பக்கமோ பக்கவாட்டிலோ இருக்க வேண்டும். காலையில் வீட்டின் மேற்குப் பக்கம் முழுக்க வீட்டு நிழல் விழுந்துகிடக்கும், கிழக்கே பார்த்தால் ஒளி எதிரே வரும். ஆகவே வடக்கு அல்லது தெற்குச் சன்னலே எனக்குப் பிடித்தது. பக்கத்திலிருந்து வரும் ஒளி இறகின் அடுக்குகளைத் தனித்தனியே காட்டும்.

ஊதாத் தேன்சிட்டின் ஆணுக்கு இந்த ஒளி விதி கட்டாயம். அதன் நீலமும் ஊதாவும் சாயம் அல்ல, இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுத் தெறிப்பதால் வருவது. சூரியன் உங்களுக்குப் பின்னால் இல்லாவிட்டால் கிடைப்பது வெறும் கறுப்புக் குருவி.

மறைவிடத்துக்குச் செலவே இல்லை. சன்னலில் பழைய சேலையைக் கட்டி, லென்ஸ் நுழையும் அளவு துளையிடுங்கள். வெளியில் என்றால் பனைமட்டையும் ஓலையும் கொண்டு இடுப்பளவு தட்டி கட்டி, அதன் பின்னால் ஒரு முக்காலி போடுங்கள். கேமராவின் உயரம் பறவையின் கண் உயரத்துக்கு இருக்கட்டும். மாடியிலிருந்து கீழே பார்த்து எடுத்த படத்தில் முதுகு தெரியும், முகம் தெரியாது.

அடுத்தது உட்காரும் கிளை. தட்டுக்கு ஓரடி தள்ளி, பட்டை உரியாத உடை மரக் கிளையோ வேப்பங்கிளையோ ஊன்றுங்கள். பறவை நேரே தட்டில் இறங்காது, முதலில் கிளையில் உட்கார்ந்து சுற்றும் முற்றும் பார்க்கும். உங்கள் படம் அந்த நேரத்துக்கு உரியது. கிளைக்குப் பின்னால் இருபதடிக்காவது வெற்றிடம் இருந்தால் பின்புலம் மென்மையாகக் கரைந்துவிடும். பின்னால் துணி காயும் கொடி இருந்தால் கொடியை மாற்றிக் கட்டுங்கள்.

கேமரா வைத்திருப்பவர்களுக்கு 300 மி.மீ. வரை நீளும் லென்ஸ் தோட்டத்துக்குப் போதும். லென்ஸ் கழற்ற முடியாத நீள்ஜூம் கேமராவும் நன்றாகவே எடுக்கும், மணல் பறக்கும் ஊரில் அது ஒரு வகையில் பாதுகாப்பும்கூட. லென்ஸில் ஒளி நுழையும் துளையை எஃப் 5.6 முதல் எஃப் 8 வரை வைத்துக்கொண்டு, ஷட்டர் வேகத்தை மட்டும் பறவைக்கு ஏற்ப மாற்றுங்கள். உட்கார்ந்திருக்கும் புறாவுக்கு 1/500 நொடி, துறுதுறுவென்று அசையும் தேன்சிட்டுக்கு 1/1000, தண்ணீர் தெறிக்கக் குளிக்கும் சின்னானுக்கும் பறக்கும் பஞ்சுருட்டானுக்கும் 1/2000 அல்லது அதற்கு மேல். கேமராவின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ.வைத் தானியங்கியில் விட்டுவிடலாம். படத்தில் புள்ளி புள்ளியாக இருந்தாலும் கூர்மை இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம், கலங்கிய படத்தை எதுவும் சரிசெய்யாது.

கேமராவின் வெளிச்சக் கணக்கு கறுப்பிலும் வெள்ளையிலும் ஏமாறும். படச் சட்டத்தைக் காகமோ இரட்டைவால் குருவியோ நிறைத்தால் வெளிச்சத்தை ஒரு படி குறையுங்கள். கரும்பச்சைப் பின்புலத்தில் வெள்ளை உண்ணிக்கொக்கு நின்றாலும் ஒரு படி குறையுங்கள். குவியம் எப்போதும் கண்ணில். கண்ணில் ஒரு புள்ளி ஒளி மின்னும் கணத்தில் விசையை அழுத்துங்கள்.

செல்பேசி மட்டும் இருந்தால் ஜூம் செய்து எடுக்காதீர்கள். முக்காலியில் பொருத்தித் தட்டுக்கு இரண்டடி தூரத்தில் வைத்து, குவியத்தைக் கல்லின் மேல் பூட்டிவிட்டு, புளூடூத் விசையோடு வீட்டுக்குள் போய்விடுங்கள். முதல் நாள் ஒரு செங்கல்லை அந்த இடத்தில் வைத்துப் பழக்கினால் மறுநாள் செல்பேசியைப் பறவை பொருட்படுத்தாது. காணொளியாகவும் எடுத்துப் பாருங்கள். சின்னான் ஒரு மிடறு எடுத்துத் தலையை உயர்த்தி விழுங்கும், புறாவோ அலகை முக்கியபடி தலை நிமிராமல் உறிஞ்சிக் குடிக்கும். இந்த வேறுபாடு ஓடும் படத்தில்தான் அழகாகத் தெரியும்.

பிளாஷ் வேண்டாம். பறவையின் குரலை ஒலிக்கவிட்டு அழைக்கவும் வேண்டாம். தன் எல்லைக்குள் எதிரி புகுந்துவிட்டான் என்று எண்ணி அது இரை தேடுவதையும் குஞ்சையும் விட்டுவிட்டுச் சண்டைக்கு வரும். கூட்டைப் படமெடுப்பதை அடியோடு தவிருங்கள். நீங்கள் விலக்கிய ஓர் இலையே காகத்துக்கு வழிகாட்டிவிடும்.

உப்புக்காற்றிலிருந்து கேமராவைக் காப்பது

லென்ஸின் முன் ஒரு தெளிந்த கண்ணாடி வடிகட்டி எப்போதும் இருக்கட்டும். வேலை முடிந்ததும் முதலில் ஊதுகுமிழால் மணலை ஊதித் தள்ளுங்கள். ஊதாமல் துடைத்தால் மணல் கண்ணாடியைக் கீறும். பிறகு நல்ல தண்ணீரில் நனைத்து நன்கு பிழிந்த மென்துணியால் கேமராவின் உடலைத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். சேமிக்கக் காற்றுப்புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும், ஜெல் நிறம் மாறினால் சூடாக்கி மீண்டும் பயன்படுத்தலாம். குளிரூட்டிய அறையிலிருந்து கேமராவை நேரே வெளியே எடுத்தால் கண்ணாடி வியர்க்கும். அரை மணி நேரம் பைக்குள்ளேயே வைத்திருந்து எடுங்கள்.

ஐப்பசி விருந்தாளிகள்

வடக்கிலிருந்து இலங்கைக்குப் போகும் பறவைகளுக்கு இந்தக் கரை கடலுக்கு முந்தைய தங்குமிடம். ஐப்பசி தொடங்கியதும் தோட்டத்தில் ஆறுமணிக்குருவி, அரசவால் ஈப்பிடிப்பான், பழுப்புக் கீச்சான் தென்படலாம். சூறைக்குருவிகள் மேகம்போல் கூட்டமாக வந்து உகாய்ப் பழத்தில் இறங்கும். ஆறுமணிக்குருவி காலையிலும் மாலையிலும் ஆறு மணியை ஒட்டிக் கூவும், மற்ற நேரம் சருகுக்குள் நடக்கும். முன்பு கூட்டாமல் விடச் சொன்ன மூலைக்கு வேலை இப்போதுதான்.

இரவில் பறந்து களைத்த ஆறுமணிக்குருவி சுவரிலோ கண்ணாடியிலோ மோதி விழுவது உண்டு. அப்படி ஒன்றைக் கண்டால் துளையிட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து அதில் வையுங்கள். இருட்டும் அமைதியும்தான் அதற்கு மருந்து. வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், அது மூச்சுக்குழலுக்குள் போய்விடும். படமெடுக்கவும் வேண்டாம். ஓரிரு மணி நேரத்தில் தெளிந்துவிட்டால் செடிகளுக்கு நடுவே பெட்டியைத் திறந்துவிட்டு விலகுங்கள். சிறகு தொங்கினாலோ ரத்தம் வந்தாலோ வனத்துறைக்குத் தெரிவியுங்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப்பறவையைப் பிடிப்பதும் கூண்டில் வைப்பதும் குற்றம், பச்சைக்கிளிக்கும் இது பொருந்தும்.

தோட்டத்தைத் தாண்டிப் போக ஆசை வந்தால் சக்கரக்கோட்டை, தேர்த்தங்கால், சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், மேலச்செல்வனூர் கண்மாய்கள் பறவைச் சரணாலயங்களாக இருக்கின்றன. தனுஷ்கோடியில் பூநாரைகள் நிற்கும். அங்கே தீனி எதற்கும் வேலை இல்லை. ஆலாக்களுக்கும் கடற்காகங்களுக்கும் பொரி எறியாதீர்கள். மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளுக்கு வனத்துறை அனுமதியின்றிப் போகக் கூடாது.

பதிவு

ஒரு நோட்டில் தேதி, நேரம், காற்றின் திசை, வந்த பறவை, அது எதைக் குடித்தது, எதைத் தின்றது என்று எழுதி வாருங்கள். இரண்டு வருடம் எழுதினால் உங்கள் தோட்டத்துக்கே உரிய பறவை நாட்காட்டி கையில் இருக்கும். எந்த மாதம் எந்தக் கிளையை ஊன்ற வேண்டும் என்று அதுவே சொல்லும். அதே பட்டியலை இ-பேர்ட் தளத்திலும் ஏற்றலாம். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. வீட்டு வாசலில் 15 நிமிடம் நின்று பார்த்து எண்ணினாலே அதில் சேர்ந்துகொள்ளலாம். எண்ணும்போது காகத்தையும் மைனாவையும் விடாமல் எழுதுங்கள். தினம் பார்ப்பவை என்று பலர் அவற்றைத்தான் விட்டுவிடுகிறார்கள்.